கறுப்பு மஞ்சளாகாமல் இருக்க வேண்டும்

சென்ற மாதம் வீட்டுக் கூரையில் சூரியசக்தித் தகடு போட விலை கேட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்த அக்கா மகன், "அவசரப்படாதீங்க மாமா, பெரோவ்ஸ்கைட் வருது" என்றான். பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கிறவன். சொன்னதோடு விடாமல் நான்கு ஆய்வுக் கட்டுரைகளையும் வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டான். அவற்றோடு மல்லுக்கட்டியதில் எனக்கு ஒரு வாரம் போனது.

பெரோவ்ஸ்கைட் என்பது 1839இல் யூரல் மலையில் கண்டறியப்பட்ட ஒரு தாது. ரஷ்யர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. அதே படிக அமைப்புள்ள வேறொரு பொருளை 2009இல் ஜப்பானின் மியாசகா குழு சூரிய மின்கலத்தில் பயன்படுத்தியபோது, ஒளியில் 3.8 விழுக்காடுதான் மின்சாரமானது. இன்று ஆய்வுக்கூடங்களில் அது 26 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. மையைப் பூசுவதுபோல் பூசியே தயாரிக்கலாம் என்பது இன்னொரு கவர்ச்சி.

சிக்கல் ஆயுளில்தான். அந்தக் கலவையிலுள்ள கரிம மூலக்கூறு சூட்டில் மெல்லப் பிரிந்து ஆவியாகிவிடும். நம் ஊர் மதிய வெயிலில் கூரைத் தகடு எப்படிக் கொதிக்கும் என்று சொல்லவா வேண்டும்? அதனால் கரிம மூலக்கூற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சீசியத்தை வைத்தார்கள். சீசியம், ஈயம், அயோடின் சேர்ந்த இந்தக் கனிமப் பெரோவ்ஸ்கைட் சூட்டுக்கு அசராது.

ஆனால் இதற்கு வேறொரு நோய். சுமார் 320 டிகிரி செல்சியசுக்கு மேல் இது நல்ல கறுப்பு. ஒளியை வாங்கி மின்சாரம் தரும். ஆறியபின் மஞ்சளாக மாறத் துடிக்கும். மஞ்சளானால் கதை முடிந்தது. ஈயமும் அயோடினும் கட்டிய கூண்டுக்குச் சீசியம் சற்றுச் சிறியது. அப்பா சட்டையைப் போட்ட பையன் மாதிரி உள்ளே தொளதொளவென்று இருப்பதால், கூண்டு சாய்ந்து கலைகிறது. காற்றின் ஈரம் பட்டால் இன்னும் வேகம். மூடி சரியாகப் போடாத டின்னில் தீபாவளி முறுக்கு என்னவாகும் என்று தெரிந்தவர்கள் நாம்.

அயோடினில் ஒரு பகுதிக்குப் பதில் புரோமின் சேர்த்தால் கூண்டு சுருங்கிக் கறுப்பு நிலைக்கும். ஆனால் புரோமின் கூடக் கூட நிறம் வெளுத்து, வாங்கும் ஒளி குறையும். ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பறிக்கும் வைத்தியம்!

எனக்குப் பிடித்தது 2022இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் லின் லூவின் குழு செய்தது. அவர் மலேசியாவில் பிறந்தவர் என்று படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். கறுப்புப் படலத்தின்மேல், குளோரினும் சேர்ந்த மிக மெல்லிய கனிமப் போர்வை ஒன்றை விரித்தார்கள். 110 டிகிரி சூட்டில், விளக்கை அணைக்காமல் வாட்டியும், திறனில் ஐந்தில் ஒரு பங்கு குறைய 2,100 மணி நேரத்துக்குமேல் ஆனது. அதிலிருந்து கணக்கிட்டு, 35 டிகிரியில் சுமார் 51,000 மணி நேரம், அதாவது ஐந்தாண்டுக்குமேல் தாங்கும் என்றார்கள். திறன் 17.4 விழுக்காடு.

ஆனால் அது சின்னஞ்சிறு ஆய்வுக்கூடக் கலம். அதன் ஐந்தாண்டு, கணக்கில் வந்த ஐந்தாண்டு. என் கூரைக்கு விலை சொன்ன சிலிக்கன் தகட்டுக்கோ 25 ஆண்டு உத்தரவாதம். மழையும் புழுக்கமும் மாறி மாறி அடிக்கும் இடத்தில், காத்திருந்து மின்கட்டணம் கட்ட எனக்கு மனமில்லை. சிலிக்கனுக்கே கையெழுத்துப் போட்டேன்.

மருமகனிடம் சொன்னபோது கோபித்துக்கொள்ளவில்லை. "கார் நிறுத்தும் இடத்துக் கூரையையாவது எனக்காகக் காலியா விடுங்க மாமா" என்றான். விட்டிருக்கிறேன்.