மலையேறாத மலிவு

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளுக்குப் பழைய மாருதி 800 ஒன்று வாங்கலாமா என்று மாத்தளை நண்பர் ஒருவர் கேட்டார். கையிலிருப்பது ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதி. "பஸ் இருக்கையில் கார் எதற்கு?" என்றேன், சற்றும் யோசியாமல்.

மகள்தான் பதில் சொன்னாள். "மாமா, ஆய்வுகூடம் முடிந்து இருட்டியபின் கண்டிக்கு வந்து, அங்கிருந்து மாத்தளை பஸ்ஸில் நெரிசலுக்குள் நின்றுகொண்டு ஒருநாள் வந்து பாருங்கள்." ஆணாய்ப் பிறந்தவனின் சொகுசுக் கேள்வி அது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆகவே, கார் வேண்டுமா என்பதல்ல, எந்தக் கார் என்பதே இப்போது பேச்சு.

மலிவான கார் என்பதே இலங்கையில் அருகிவிட்ட பொருள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. வண்டி முதுமையடைய அடைய விலை ஏறும் விந்தையைக் கண்டோம். 796 சி.சி. எஞ்சினுடைய அந்தச் சின்ன மாருதிக்கே பத்து இலட்சம் ரூபாவுக்கு மேல் கேட்டார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. ஆனால் வரிச்சுமை புதுவரவுகளை எட்டாத உயரத்தில் வைத்திருப்பதால், எளியவருக்குப் பழையதே கதி.

பழைய கார் வாங்குவோர் பளபளப்பையும் பாட்டுப்பெட்டியையும் பார்க்கிறார்கள். கண்டியில் பார்க்க வேண்டியவை வேறு. அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் ஊர்ந்து நகரும் நெரிசலில் கிளச் தேய்கிறது, ரேடியேட்டர் கொதிக்கிறது. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஹந்தானை வீதியில் ஏறிப் பாருங்கள். தரகர் மறைத்ததை ஏற்றம் சொல்லிவிடும். இறக்கம் இன்னும் முக்கியம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மாற்றாமல் பழசான எண்ணெய் நீண்ட இறக்கத்தின் சூட்டில் கொதித்தால், மிதித்த கால் வெறுமையாய்க் கீழே போகும். பிரேக்கை நம்பாமல் இரண்டாம் கியரில் இறங்கும் பழக்கத்தை ஓட்டப் பழகும்போதே சொல்லிக்கொடுக்க வேண்டும். கால்விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். இந்த மழைநாட்டில் கறள் அடியிலிருந்துதான் தின்னத் தொடங்கும்.

என்னை அதிகம் அச்சுறுத்துவது 'ஓபன் பேப்பர்' வியாபாரம். பதிவு பெற்ற உரிமையாளர் ஒப்பமிட்ட மாற்றப் படிவத்துடன் வண்டி மூன்று நான்கு கை மாறியிருக்கும்; மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எதுவும் பதிவாகியிராது. அவர் காலமாகிவிட்டால், அல்லது (நம்மவர்க்கு இது புதிதல்லவே) கனடா போய்ச் சேர்ந்துவிட்டால், காசு கொடுத்தவர் அலைய வேண்டியதுதான். பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆவணம் சரியில்லாத வண்டி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன்.

நண்பரிடம் இன்னொன்றும் சொன்னேன்: இருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு பிரேக்குக்கும் டயருக்கும் ஒதுங்கட்டும். 2022 யூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனதையும் மறந்துவிடக் கூடாது. வாரத்தில் இருநாள் பகலில் முடியும் வகுப்புகளுக்குப் பஸ்ஸிலேயே போவதாக மகள் தானாகவே ஒப்புக்கொண்டாள்.

நாளைக் காலை அக்குறணையில் ஒரு வண்டி பார்க்கப் போகிறோம், தெரிந்த மெக்கானிக் ஒருவரும் கூட வருகிறார். நாங்கள் வரும்வரை எஞ்சினை இயக்கிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். "ஏன்?" என்று அவர் இருமுறை கேட்டதுதான் சற்று இடிக்கிறது.