குளிர் இரவுகளுக்குச் சில நாவல்கள்

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் நம் திருத்தணியில் வீட்டுக் கதவுகள் சற்று முன்னதாகவே சாத்தப்படுகின்றன. மேனாட்டுக் கதைகளில் வருவதுபோல் கணப்பின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்கும் பாக்கியம் நமக்கு இல்லை. கம்பளியும் சுக்குக் காப்பியுமே நம் கணப்பு. டிசம்பர் 31-ஆம் தேதி படித்திருவிழா. அன்று 365 படிகளுக்கும் பூசை செய்து, திருப்புகழ் பாடியபடி அடியார்கள் மலையேறுவார்கள். அந்த இரவு தணிகேசனுக்கு உரியது. மற்ற இரவுகளில் என்ன படிக்கலாம் என்று நேயர்கள் சிலர் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியே நமக்குச் சந்தோஷம் தருகிறது. ஏனெனில் நம் ஊர் அலமாரிகளை நாம் அறிவோம். பரீட்சைக்கான வினா-விடைப் புஸ்தகங்கள், பஞ்சாங்கம், சோதிடம். நாவல் என்று ஒன்று இருந்தால், அது பாட்டனார் பத்திரிகையிலிருந்து கிழித்துப் பைண்டு செய்து வைத்த பழைய தொடர்கதை. 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு போன ஊர் இது. ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்த மங்கலங்கிழாரும், ம. பொ. சிவஞானமும், இன்னும் எத்தனையோ பேரும் பாடுபட்டதன் பயனாக, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அவ்வளவு பாடுபட்டுக் காத்த தமிழில் இன்று எழுதப்படுவதை நாம் படிக்காவிட்டால், எல்லைக் கல் எந்தப் பக்கம் இருந்தால்தான் என்ன?

முதலில் இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. பொறியியல் படித்த ரேவதி, பெற்றோர் சொல்லைத் தட்டி, ஆட்டோ ஓட்டும் ஒருவனை மணக்கிறாள். சில வருஷங்களுக்குப் பின் உடல் வெந்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். தானே கொளுத்திக்கொண்டாளா, கொளுத்தப்பட்டாளா? கதை முழுவதும் இந்தக் கேள்வி வாசகரை விடுவதில்லை. வெளியே காத்திருக்கும் தகப்பனார் கையில் பணம் இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கச் சித்தமாக இருக்கிறார். அந்தப் பணத்தை வாங்கிக்கொள்வார் இல்லை. தலைப்பின் பொருள் அங்கே நெஞ்சில் இறங்குகிறது. அவர் பள்ளித் தலைமையாசிரியர் என்பதால் நம் தொழிலைச் சேர்ந்தோருக்குக் கூடுதலாகவே சுடும். இரவில் இளைப்பாறப் படிக்கும் புஸ்தகமா இது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அல்லதான். ஆனால் வயது வந்த பெண்ணை வீட்டில் வைத்திருப்போர் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து படிக்கவேண்டிய நாவல் இதைவிட வேறொன்றை நாம் சமீபத்தில் காணவில்லை. படித்து முடித்தபின் மகளோடு பேசுங்கள். அவள் சொல்வதையும் கேளுங்கள்.

மு. ராஜேந்திரனின் ‘காலா பாணி’ வேறு தினுசு. அதற்கு 2022-ல் அதே பரிசு கிடைத்தது. 1801-ல் காளையார்கோவில் யுத்தம் தோல்வியில் முடிந்தபின், சிவகங்கை மன்னர் வேங்கன் பெரிய உடையணத் தேவர் உள்ளிட்ட 73 பேரைக் கும்பினியார் 1802-ல் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பிய கதை. 1857-க்கு முன் தேசத்தில் சுதந்திரப் போரே நடக்கவில்லை என்று நினைத்திருப்போர் இதை அவசியம் படிக்கவேண்டும். சில இடங்களில் ஆவணங்களின் பாரம் கதையை அழுத்துகிறது என்பது நம் அபிப்பிராயம். ஆயினும் உரக்கப் படிக்க உகந்தது. வீட்டில் தெலுங்கு பேசிப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் நம் ஊரில் பலர். அவர்களை ஆளுக்கொரு பக்கமாகப் படிக்கச் சொல்லலாம்.

2023-ல் பரிசு பெற்ற தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ அளவில் சிறியது. புறநானூற்றிலிருந்து தலைப்பு. கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பம் ஒன்றில் ஒரு சாவு. அதற்கு உறவினர் கூடுகிறார்கள். அவ்வளவே கதை. இரண்டு இரவு போதும்.

1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டியே புது நாவல்கள் பெரும்பாலும் வெளிவருகின்றன. மின்சார ரயிலில் போய் அன்றே திரும்பிவிடலாம். ஒரு வீட்டுக்கு ஒரு நாவல்தான் கட்டுபடியாகும் என்றால் இமையத்தை வாங்குங்கள். மற்ற இரண்டையும் நூலகத்தில் கேளுங்கள். அங்கே இல்லையென்றால், தருவிக்கும் வரை கேளுங்கள்.