மூட்டு வந்தது, நடை வரவேண்டாமா?



பென்னாகரத்தை அடுத்த சிற்றூரில், திண்ணையிலே கால் நீட்டிக் கிடந்தார் ஒரு பெரியவர். பெங்களூரில் இருபத்தைந்து ஆண்டுகள் கலவை சுமந்தவர். அடுக்கு மாளிகைகள் எழும்பின. அவர் முழங்கால் தேய்ந்தது! காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. புதிய மூட்டும் பொருத்தியாயிற்று.

"ஆறு வாரமாச்சு தம்பி. நீட்டவும் வரல, மடக்கவும் வரல" என்றார்.

முழங்காலின் அடியிலே தலையணை! மகள் அன்போடு வைத்தது. அந்தத் தலையணைதான் காலை நிமிரவிடாத எதிரி என்று எவரும் அந்த வீட்டுக்குச் சொன்னாரில்லை. "எல்லாம் என் தலைவிதி" என்கிறார் பெரியவர். விதியா? இல்லை தோழனே, சொல்லித் தர ஆளில்லாத குறை!

ஒரு காலத்தில் செல்வர் வீட்டுச் சிகிச்சை இது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலைக்கு வரம்பு கட்டியது. ஒன்றரை இலட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமிய மூட்டு 54,720 ரூபாய்க்கு இறங்கிற்று. உலோகத்தின் விலை இறங்கிவிட்டது; உழைப்பாளியின் கால் எழுந்துவிட்டதா?

மூட்டு என்பது கதவின் கீல். கீலைப் புதிதாய் மாட்டினால் போதுமா? கதவை இழுக்கும் கை வேண்டாமா? அந்தக் கை, தொடையின் முன்தசை. அறுவைக்குப் பிந்திய முதல் மாதத்தில் அதன் வலிமை பாதியாகக் குறைந்துவிடுகிறது. படுத்தே கிடந்தால் மீதியும் போகும்!

ஆகவே, மருத்துவர் சொன்ன அளவில், முதல் நாளிலிருந்தே வேலை தொடங்கவேண்டும். கணுக்காலை மேலும் கீழும் அசை, இரத்தம் ஓடும். குதிகாலின் கீழ் துணிச்சுருள் வைத்து, முழங்காலைப் படுக்கையோடு அழுத்து, கால் நிமிரும். குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி உன் பக்கம் இழு, கால் மடங்கும். கோலூன்றி நட. படி ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது அறுவைக் கால் முன்னே. முதல் ஆறு வாரத்துக்குள் கால் நேராக நிமிரவும், 90 பாகைக்கு மேல் மடங்கவும் வேண்டும். இழந்த வலிமை முழுதும் திரும்ப ஓராண்டும் ஆகலாம்.

பயிற்சி வலிக்கும், அஞ்சாதே. ஆனால் கெண்டைக்கால் வீங்கி நோவு கண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, புண்ணில் நீர் வடிந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போ!

இன்னொன்று கேள். புதிய மூட்டோடு குந்தி உட்காரக்கூடாது என்பார்கள். நம் வீட்டுக் கழிப்பறையோ குந்தும் கழிப்பறை! உயரமான இருக்கை ஒன்று வாங்க, மூன்று மாதம் கூலியிழந்த குடும்பம் எங்கே போகும்? அறுவைக்குப் பணம் தரும் அரசு, அந்த இருக்கைக்கும் அந்த மூன்று மாதக் கஞ்சிக்கும் வழி காணவேண்டும் என்று கேட்பது பேராசையா?

வழி இல்லாமலில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது எங்கே? 2004 வரை நம் தருமபுரி மாவட்டமாயிருந்த கிருஷ்ணகிரி மண்ணில், சாமனப்பள்ளியில்! வீடு தேடி வந்து இயன்முறைப் பயிற்சி தருவதும் அத்திட்டத்தின் பணி. அந்தக் கரங்கள் பெருகவேண்டும். சித்தேரி மலைக்கும் வத்தல்மலைக்கும் தவறாமல் ஏறவேண்டும். மருத்துவமனை வாசலில் வழியனுப்பும் அன்றே, நோயாளியின் பெயர் ஊர்ச் சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அறுவை முடிந்த நாள் கணக்கு முடியும் நாளல்ல, தொடங்கும் நாள்!

கிளைத் தோழனே, உனக்கும் கடமை உண்டு. உன் தெருவில் மூட்டு மாற்றிக்கொண்டவர் யார் என்று விசாரி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைச் சொல். மாலையில் பத்து நிமிடம் அவரோடு நட. முதற்காரியமாக, முழங்காலின் கீழிருக்கும் அந்தத் தலையணையை எடு!

பிறர் மாளிகைக்காகத் தேய்ந்த கால், தன் வீட்டு வாசலையாவது தானே தாண்டட்டும்!