மாடி வீட்டுக்கு மோட்டார்: எச்.பி.யை விடுங்க, முதல்ல அடியை அளங்க!

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் மேல வீதியிலோ ஒரு மோட்டார் கடைக்குப் போய் நில்லுங்கள். "எத்தனை மாடி சார்?" என்பார்கள். "கீழே ஒன்னு, மேலே ரெண்டு" என்று சொன்னதும், "ஒன்றரை எச்.பி. போட்டுடுங்க, டென்ஷனே இருக்காது" என்று பதில் வரும். இரண்டு நிமிடத்தில் வியாபாரம் முடிந்துவிடும். வாங்குபவருக்கும் நிம்மதிதான். பெரிய மோட்டார் என்றால் தண்ணீர் வேகமா ஏறும், சீக்கிரம் கெட்டுப்போகாது, மேல்மாடி குழாயில் நல்லா கொட்டும் என்று நினைக்கிறோம்.

இதில் கடைசி இரண்டும் உண்மை இல்லை. முதலாவதும் பாதிதான் உண்மை. நம்மூர் மாதிரி கடலோர ஊரில், தேவைக்கு மேல் பெரிய மோட்டார் போடுவது கரண்ட் பில்லோடு முடிகிற விஷயமும் இல்லை. அதனால் முதலில் எச்.பி. என்ற வார்த்தையை ஓரமாக வைத்துவிட்டு, கையில் ஒரு டேப்பை எடுங்கள்.

மோட்டார் செய்ய வேண்டிய வேலை, தண்ணீரை இங்கிருந்து அங்கே தூக்குவது. எவ்வளவு உயரம் என்பதைத்தான் கடையில் 'ஹெட்' என்கிறார்கள். ஒரு சாதாரண இரண்டு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். சம்ப்பின் அடி, தரையிலிருந்து 6 அடி கீழே. தரைத்தளம், முதல் மாடி, இரண்டாவது மாடி என மூன்று தளத்துக்கு 30 அடி. அதற்கு மேல் படிக்கட்டு அறை, அதன் தலையில்தான் டேங்க். அதற்கு 10 அடி. டேங்க்கின் வாய்க்கு இன்னொரு 5 அடி. மொத்தம் 51 அடி. குழாயின் உரசல், எல்போக்களில் திரும்பும்போது ஆகும் இழப்பு இவற்றுக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்தால் 60 அடி, அதாவது சுமார் 18 மீட்டர்.

கடையில் சொல்ல வேண்டியது இந்த எண்ணைத்தான். "18 மீட்டர் ஹெட்டில் இந்த மோட்டார் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தரும்?" என்று கேளுங்கள். மோட்டார் பெட்டியின் மீதோ, உள்ளே இருக்கும் தாளிலோ அதற்கான அட்டவணை இருக்கும். அங்கே ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கிறது. பெட்டியில் பெரிய எழுத்தில் ஒரு 'மேக்ஸிமம் ஹெட்' போட்டிருப்பார்கள். அந்த உயரத்தில் மோட்டார் ஓடும், ஆனால் தண்ணீர் வராது! அது தூக்க முடிகிற எல்லை. அதேபோல 'மேக்ஸிமம் டிஸ்சார்ஜ்' என்பது கிட்டத்தட்ட தரைமட்டத்தில் கொட்டும் அளவு. இந்த இரண்டு பெரிய எண்களும் ஒரே நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது. உங்களுக்கு வேண்டியது நடுவில் இருக்கும் வரி.

சரி, எவ்வளவு தண்ணீர் வேண்டும்? பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்களுக்கு வைத்திருக்கும் கணக்கு. வீட்டில் இரண்டு குடித்தனம், மொத்தம் 10 பேர் என்றால் 1,350 லிட்டர். 18 மீட்டரில் நிமிடத்துக்கு 30 லிட்டர் தருகிற மோட்டார் இதை 45 நிமிடத்தில் ஏற்றிவிடும். அந்த வேலைக்குத் தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டிய சக்தி வெறும் 88 வாட். சின்ன பம்புகளின் திறன் மோசம்தான். போட்ட சக்தியில் கால்வாசிதான் தண்ணீருக்குப் போகிறது என்று வைத்தாலும் சுமார் 350 வாட். அரை எச்.பி. என்பது 373 வாட்.

ஆமாம், அரை எச்.பி.! கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை. அட்டவணையில் 18 மீட்டருக்கு நேரே அந்த 30 லிட்டர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அரை எச்.பி. மாடல்களில் சிலவற்றில் இருக்காது. அப்போது முக்கால் அல்லது ஒன்று போதும். குடும்பம் பெரியது, நகராட்சித் தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும், அதற்குள் ஏற்றியாக வேண்டும் என்றால்? அதற்கு மருந்து பெரிய சம்ப். வரும் தண்ணீரைக் கீழே பிடித்து வைத்துவிட்டால், மேலே ஏற்றுவதை நிதானமாகச் செய்யலாம்.

குழாய் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு இன்ச் குழாய் போட வேண்டிய இடத்தில் முக்கால் இன்ச் போட்டால், அதே தண்ணீருக்கு உரசல் இழப்பு 3 மடங்குக்கு மேல் போகும். ஒரே குழாயில் தண்ணீரை இரட்டிப்பு வேகத்தில் தள்ளினால் இழப்பு கிட்டத்தட்ட 4 மடங்கு. பெரிய மோட்டார் வாங்கிச் சின்னக் குழாயில் மாட்டுபவர்கள், வாங்கிய எச்.பி.யில் பாதியைக் குழாய்ச் சுவரைத் தேய்க்கவே செலவழிக்கிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "மேல்மாடியில் ஷவர் சொட்டுது, மோட்டாரை மாத்தணும்" என்று சொல்லாத வீடு குறைவு. மேல்மாடி ஷவருக்கும் கீழே இருக்கும் மோட்டாருக்கும் சம்பந்தமே இல்லை. மோட்டார் டேங்க்கில் கொட்டியதோடு அதன் வேலை முடிந்தது. குழாயில் வரும் அழுத்தம், குழாய்க்கு மேலே டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது: 10 மீட்டருக்கு ஒரு பார். தரைத்தளத்துக்காரருக்கு டேங்க் 9 மீட்டருக்கும் மேலே, நன்றாகக் கொட்டும். மேல்மாடிக்காரருக்கு அதில் பாதிகூட இருக்காது. தீர்வு, டேங்க்கை இன்னும் ஏற்றி வைப்பது, அல்லது மேல்மாடிக் குழாய்க்கு மட்டும் ஒரு சின்ன பிரஷர் பம்ப் மாட்டுவது. கீழே ஒன்றரை எச்.பி. மாற்றி பத்தாயிரம் செலவழித்தாலும் ஷவர் அப்படியேதான் சொட்டும்.

தண்ணீர் எங்கே இருக்கிறது?

இதுவரை சொன்னது சம்ப் உள்ள வீட்டுக்கு. போர் தண்ணீரை நம்பியிருப்பவர்களுக்குக் கதை வேறு.

தரையில் உட்கார்ந்திருக்கும் மோனோபிளாக் மோட்டார் தண்ணீரை 'இழுப்பதில்லை'. குழாய்க்குள் இருக்கும் காற்றை அது வெளியேற்றுகிறது. வெளியே இருக்கும் காற்று மண்டலம்தான் தண்ணீரைக் கீழிருந்து தள்ளுகிறது. காற்றின் அழுத்தத்தால் அதிகபட்சம் சுமார் 34 அடிதான் தள்ள முடியும். 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் கிணறு இறைத்தவர்கள் இந்த எல்லையில் முட்டிக்கொண்டு திணறினார்கள், கலிலியோவே குழம்பினார். அவருடைய சீடர் டாரிசெல்லி காரணத்தைக் கண்டுபிடித்து, அந்த வழியிலேயே காற்றழுத்தமானியும் பிறந்தது. நடைமுறையில் 25 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், 5 எச்.பி. மோனோபிளாக் வைத்தாலும் ஒரு சொட்டு வராது. ஜெட் பம்ப் அல்லது நீர்மூழ்கி மோட்டார்தான் வழி.

நீர்மூழ்கி வாங்கும்போது நடக்கும் பெரிய தப்பு, போர் எத்தனை அடி என்பதைச் சொல்லி மோட்டார் கேட்பது. 200 அடி போர், அதனால் 200 அடி ஹெட்டுக்கு மேல் என்று வாங்குகிறார்கள். ஆனால் கணக்குப் போட வேண்டியது மோட்டார் ஓடும்போது தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து. அது 40 அடியில் நின்றால், அதோடு வீட்டின் உயரத்தைக் கூட்டினால் 100 அடிகூட வராது. தேவையில்லாத ஹெட் உள்ள நீர்மூழ்கி, குறைந்த உயரத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் தள்ளும். ஓவர்லோடு ஆகிக் காயில் போவதற்கும், போர் மணலை வாரி வருவதற்கும் அது ஒரு காரணம். பெரிய மோட்டார் சீக்கிரம் கெடாது என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் உரிய பிரச்சினைக்கு வருவோம். தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கமும், சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை, பிச்சாவரம் பக்கமும் நிலத்தடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் நீர் கொஞ்சம் கனமானது, அதனால் அடியில் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியக் கடற்கரைகளில் கண்டறியப்பட்டு, கைபென்-ஹெர்ஸ்பெர்க் விதி என்று பெயர் பெற்ற ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே தோராயமாக 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும். இதைத் திருப்பிப் படியுங்கள். மேலே ஒரு அடியை இறைத்துத் தீர்த்தால், காலப்போக்கில் உப்பு கீழிருந்து 40 அடி மேலேறி வரும்!

வேகமாக இறைக்கும் பெரிய மோட்டார், போரைச் சுற்றித் தண்ணீர் மட்டத்தை ஒரு புனல் மாதிரி உள்வாங்கச் செய்கிறது. அந்தப் புனலுக்கு நேர் கீழே உப்பு கூம்பாக எழும்புகிறது. நிதானமாக, இடைவெளி விட்டு இறைத்தால் இது குறையும். அடுத்த வீட்டுக்காரர் 150 அடி போட்டார், நாம் 200 போடுவோம், அவர் ஒன்றரை எச்.பி., நாம் இரண்டு என்று ஒரு தெருவே போட்டி போட்டால் கடைசியில் எல்லோருக்கும் கிடைப்பது உப்புதான். சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் பல பத்தாண்டுகள் இறைத்ததன் விளைவாகக் கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது.

"நெய்வேலியில் சுரங்கத்துக்காக ராத்திரி பகலா இறைக்கிறாங்க, என் வீட்டு ஒரு எச்.பி.தான் குத்தமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நெய்வேலிப் பக்கம் ஒரு காலத்தில் போர் போட்டால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் பொங்கிய பூமி. நிலக்கரி வெட்ட, அதன் அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பற்றிக் கேள்வி கேட்பதை யாரும் நிறுத்தக் கூடாது. ஆனால் கடற்கரையோர வீடுகளின் ஆழமில்லாத போர்களில் வருவது பெரும்பாலும் மேலடுக்கு மணலில் மழை சேர்த்து வைத்த தண்ணீர். அந்த அடுக்கின் விதியை எழுதுவது தெருவில் இருக்கும் மோட்டார்கள்தான்.

உப்புத் தண்ணீர் ஏற்கெனவே வந்துவிட்ட இடத்தில், வார்ப்பிரும்புப் பாகங்களும் ஜி.ஐ. குழாயும் சீக்கிரம் அரித்துப்போகும். எவர்சில்வர் பாகங்கள் உள்ள மோட்டாரும் பிளாஸ்டிக் குழாயும் கொஞ்சம் கூடுதல் விலையானாலும் வாங்குங்கள்.

நகராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டுவது பற்றி ஒரு வரி. அது சட்டவிரோதம், பிடித்தால் மோட்டாரையே எடுத்துப் போய்விடுவார்கள். அதைவிட மோசம், உறிஞ்சும் இழுப்பில் குழாயின் ஓட்டை வழியே பக்கத்துச் சாக்கடையும் உள்ளே வரும்; அது உங்கள் சம்ப்புக்கும் வரும்.

புயலும் வெள்ளமும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்ட பிறகு, பல நாட்கள் கரண்ட் இல்லை. போரில் தண்ணீர் இருந்தது, எடுக்க வழியில்லை. புயலுக்குப் பின் வாடகை ஜெனரேட்டரை வைத்து டேங்க் நிரப்புவதுதான் நம் பக்கத்து வழக்கம். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில், ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் எடுக்கும். அரை எச்.பி.யைச் சின்ன ஜெனரேட்டர் தாங்கும். இரண்டு எச்.பி. என்றால் அது மூச்சு திணறி நின்றுவிடும்.

ஃபெஞ்சல் புயலை அடுத்து 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையின் உபரி நீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. கெடிலமும் பெண்ணையும் நிரம்பும் பகுதிகளில் மோனோபிளாக்கைத் தரையோடு தரையாக வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. இரண்டு மூன்று அடி மேடை கட்டுங்கள், அல்லது சம்ப்புக்குள்ளேயே மூழ்கியிருக்கும் ஓப்பன்வெல் மோட்டார் போடுங்கள். எதைப் போட்டாலும் சுவிட்ச், ஸ்டார்ட்டர் எல்லாம் இடுப்புக்கு மேலே. எர்த்தும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் தண்ணீருக்குப் பக்கத்தில் மோட்டார் ஓட்டாதீர்கள். டேங்க் நிரம்பினால் தானாக நிற்கும் கன்ட்ரோலரும் சேர்த்து வாங்குங்கள். தெருவில் வழிந்தோடும் தண்ணீருக்கு அதைவிட மலிவான மருந்து இல்லை.

வாங்குபவர் கவனமாக இருந்தால் மட்டும் போதாது. 2003-ல் தமிழகத்தில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. ஊர் ஊராகப் பேசப்பட்டது. அதே ஆண்டு நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தவும் ஒரு சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கே வராமல் 2013-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. நிலத்தடி நீர்மட்டத்தை அரசின் கண்காணிப்புக் கிணறுகளில் அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் வீடு கட்டுகிறவருக்கு அந்த எண் கண்ணில் படுவதில்லை. கடலூர் மாநகராட்சியும் சிதம்பரம் நகராட்சியும் வார்டு வாரியாக மே மாதத்தில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, உப்பு எவ்வளவு என்ற இரண்டு எண்களைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து, கட்டிட அனுமதி கொடுக்கும்போது கூடவே கொடுக்கலாம். அந்தத் தாளோடு மோட்டார் கடைக்குப் போகிறவரிடம் "எத்தனை மாடி சார்?" என்று மட்டும் கேட்டு ஒன்றரை எச்.பி.யை விற்றுவிட முடியாது.