எண்ணிக்கைப் பயணமும் எண்ணப் பயணமும்

பயணம் அறிவை வளர்க்கும் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. பள்ளிக் கட்டுரைகளிலும் அது தவறாமல் எழுதப்படுகிறது. ஆயினும் எல்லாப் பயணங்களும் அறிவை வளர்ப்பதில்லை. காலை வருத்திப் பையை இளைக்கச் செய்வதோடு முடிந்துபோகும் பயணங்களும் உண்டு. ஒருவருடைய பயணம் இவற்றுள் எவ்வகையைச் சாரும் என்பதை அவர் திரும்பி வந்தபின் ஆராய வேண்டியதில்லை. புறப்படுமுன் அவர் வகுக்கும் திட்டமே அதனைச் சொல்லிவிடும்.

வட ஐரோப்பாவுக்கு முதன்முறையாகச் செல்வோரின் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். "ஆறு நாள், நான்கு தலைநகர்" என்பதே இன்று பலரும் விரும்பும் திட்டம். முதல் நாள் காலை கோப்பன்ஹேகன். அன்று பிற்பகலே ஓஸ்லோவுக்குக் கப்பல். அங்கிருந்து ஐந்தாறு மணி நேர இரயில் பயணத்தில் ஸ்டாக்ஹோம். மீண்டும் ஓர் இரவுக் கப்பல், மறுநாள் ஹெல்சிங்கி. கண்டிப்பாகப் பார்த்தால் ஹெல்சிங்கி ஸ்காண்டிநேவிய நாட்டுத் தலைநகரே அன்று. எண்ணிக்கை ஆசை நிலநூலையும் திருத்தி எழுதிவிடுகிறது! பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதும், துறைமுகத்தில் காத்திருப்பதும், கப்பல் அறையில் உறங்குவதும் போக, ஊருக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும்? ஐந்தாறு மணி நேரம். அந்த நேரத்தில் ஒரு நகரத்தைக் கண்டேன் என்று சொல்வது, நூலின் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு நூலைக் கற்றேன் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இத்திட்டத்தின் ஆதரவாளர்களுக்கு ஒரு வாதம் உண்டு. "பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக விமானத்தில் பறந்து, இவ்வளவு பொருளைச் செலவிட்டுச் செல்கிறோம்; மறுமுறை வாய்ப்புக் கிட்டுமோ கிட்டாதோ; முடிந்தவரை பார்த்துவிட வேண்டாமா?" என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் வாதந்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது தன்னையே மறுத்துக்கொள்கிறது. விடுமுறை குறைவாக இருப்பவனே நேரத்தைப் போக்குவரத்துக்குத் தின்னக் கொடுக்கலாகாது. பொருள் குறைவாக இருப்பவனே அதைக் கப்பல் சீட்டிலும் இரயில் சீட்டிலும் கரைக்கலாகாது. மறுமுறை வாய்ப்பில்லை என்பது உண்மையானால், ஒரே நகரில் நான்கு நாள் தங்க வேண்டும் என்பதற்கே அது காரணமாகும்.

கோப்பன்ஹேகனுக்குச் செல்வோர் முதலில் தேடி ஓடுவது கடற்கரையிலுள்ள கடற்கன்னிச் சிலையை. எட்வர்ட் எரிக்சன் என்ற சிற்பி வடித்த அச்சிலை 1913ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்டது. அதன் உயரம் ஒன்றேகால் மீட்டர். உலகப் புகழ் பெற்ற சிலை என்று எண்ணிச் சென்றவர்கள், "இவ்வளவுதானா?" என்று முகம் சுளித்துத் திரும்புகின்றனர். குறை சிலையினுடையதா? ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837இல் வெளியிட்ட கதையைப் படித்தவன், மனித உயிர் ஒன்றைப் பெறுவதற்காகத் தன் குரலையே விலையாகக் கொடுத்த ஒரு பெண்ணை அக்கல்லின்மேல் காண்கிறான். படிக்காதவன் ஓர் உலோகப் பொம்மையைக் காண்கிறான். இருவரும் நின்ற இடம் ஒன்று. கொண்டுசென்ற உள்ளம் வேறு. பெரிய திரையில் காணும் பெருமிதத்தை எதிர்பார்த்துச் சென்றவனுக்கு அந்தச் சிறிய உருவின் தனிமை எவ்வாறு விளங்கும்?

இதனினும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. கோப்பன்ஹேகனுக்குச் செல்லும் தமிழர் பலர், அந்நகரத்துக்கும் தமிழுக்கும் நானூறு ஆண்டுத் தொடர்பு உண்டென்பதை அறியாமலே சென்று, அறியாமலே திரும்புகின்றனர். டென்மார்க்கின் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1616இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றுக்கு உரிமை வழங்கினார். அவருடைய தூதர் ஓவே கெட்டே 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்பாடு செய்துகொண்டார். தரங்கம்பாடியில் டேனியக் கோட்டை எழுந்தது. நாயக்கர் டேனிய மன்னருக்குப் பொன் ஏட்டில் எழுதுவித்து அனுப்பிய தமிழ்க் கடிதம், டென்மார்க் நாட்டு ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. தமிழ் எழுத்துப் பொறித்த பொன்னோலை ஒன்று பனி பெய்யும் நாட்டில் பாதுகாக்கப்படும்போது, தமிழ் கற்றவர்கள் அந்நகரின் கடைத்தெருவில் சாவிக்கொத்து வாங்கிக்கொண்டு திரும்புவது என்ன முறை?

தொடர்பு அத்தோடு முடியவில்லை. நான்காம் பிரடரிக் மன்னர் அனுப்பிய சீகன்பால்கு, 1705ஆம் ஆண்டின் இறுதியில் கோப்பன்ஹேகனிலிருந்து கப்பலேறி, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். சமயம் பரப்ப வந்தவர் அவர்; அதில் ஐயமில்லை. ஆயினும் சிறுவரோடு சிறுவராகத் தமிழ் எழுத்தைப் பயின்று, தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்குக் குறிப்புடன் பட்டியல் வகுத்தார். அங்கிருந்த டேனியத் தலைவரே அவரை நான்கு திங்கள் சிறையில் வைத்தார். 1715இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சகத்தில் முற்றுப்பெற்றது. அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. தமிழ் அச்சின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் இப்பெயரைத் தவிர்க்க இயலாது. அவ்வரலாறு புறப்பட்ட துறைமுகத்தில் நிற்கும்போது மட்டும் அதை மறந்துவிடலாமா?

அப்படியானால், முதன்முறை செல்பவர் எவ்வாறு திட்டமிட வேண்டும்? முதலில் காலத்தை அறிய வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகே வாழ்பவருக்குப் பகல் என்பது ஆண்டு முழுவதும் ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரம். கோப்பன்ஹேகனில் ஜூன் மாதப் பகல் பதினேழு மணி நேரத்துக்கும் மேல் நீளும். டிசம்பர்ப் பகல் ஏழு மணி நேரமாகச் சுருங்கும். பள்ளி விடுமுறை ஆண்டிறுதியில் வருகிறதென்று டிசம்பரில் செல்பவர், வேனிற்காலத் திட்டத்தை அப்படியே எடுத்துச் சென்றால் பாதி இடங்களை இருட்டில்தான் காண்பார். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும், திவோலிப் பூங்கா ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை என்பதையும் முன்னரே அறிதல் வேண்டும். விமான நிலையத்திலிருந்து நகர நடுவுக்கு இரயிலிலோ மெட்ரோவிலோ கால் மணி நேரந்தான். நகரின் பழம்பகுதியைக் காலால் நடந்தே சுற்றிவிடலாம். ஆகவே வாடகை வண்டிக்கு ஒதுக்கும் பணத்தை நூலுக்கு ஒதுக்கலாம்.

முதல் நாளில் வட்டக்கோபுரத்தில் ஏற வேண்டும். 1642இல் நான்காம் கிறிஸ்டியன் கட்டி முடித்த விண்ணோக்குக் கோபுரம் அது. படிக்கட்டுக்குப் பதிலாகச் சுழன்று சுழன்று ஏறும் சாய்தளமே அதன் சிறப்பு. மேலிருந்து நகரைப் பார்த்தால், அடுத்த நாட்களில் நடக்கவிருக்கும் தெருக்கள் வரைபடம்போல் விளங்கும். இரண்டாம் நாளை அந்த மன்னருடைய காலத்துக்கே கொடுக்கலாம். அவருடைய ரோசன்போர்க் அரண்மனை, அவர் அமைத்த கிறிஸ்டியன்ஸ்ஹாவ்ன் பகுதி, தரங்கம்பாடிப் பொருள்களையும் தன் சேர்ப்பில் கொண்டுள்ள தேசிய அருங்காட்சியகம் ஆகியவை அந்நாளுக்குப் போதும். அவர் கட்டிய பழைய வணிக மாளிகை 2024 ஏப்ரல் 16இல் தீக்கிரையாயிற்று. நான்கு நாகங்கள் வாலைப் பின்னியதுபோல் நின்ற அதன் கூர்ங்கோபுரம் சரிந்து விழுந்தது. அம்மாளிகை நின்ற இடத்தருகே சிறிது நேரம் நிற்பது, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்னும் சோம்பலுக்கு நல்ல மருந்து. மூன்றாம் நாளை வெறுமையாக விடுவதே அறிவுடைமை. ஆண்டர்சனும் கீர்க்ககாடும் உறங்கும் அசிஸ்டென்ஸ் கல்லறைத் தோட்டத்தில், உள்ளூர் மக்கள் மரநிழலில் அமர்ந்து படிப்பதைக் காணலாம். ஒரு நகரத்தின் இயல்பு இத்தகைய இடங்களில்தான் தெரியும்.

பொன்னோலையைப் பற்றி ஒரு சொல். ஆவணக் காப்பகம் காட்சிச்சாலை அன்று. தெருவிலிருந்து நுழைந்தவுடன் எடுத்துக் காட்ட எவரும் காத்திருப்பதில்லை. முன்னரே எழுதிக் கேட்க வேண்டும். இயலாது என்ற விடை வந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். காண இயலாதுபோயினும், அது அங்கே இருக்கிறது என்று அறிந்து அந்நகரில் நடப்பவன் அறியாதவனைப்போல் நடக்கமாட்டான்.

"அயலார் நகரிலும் தமிழைத்தான் தேட வேண்டுமா? இது குறுகிய மனமன்றோ?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நேர்மையானது. செல்லும் இடமெல்லாம் தன் பெருமையை மட்டும் தேடுபவன் பிறருடைய வாழ்வைக் காணமாட்டான் என்பது உண்மையே. அதனால்தான் மூன்று நாளில் ஒரு நாள் மட்டுமே இங்கு ஒதுக்கப்பட்டது. மேலும், தரங்கம்பாடித் தொடர்பு வெறும் பெருமைக் கதையும் அன்று. அமாலியன்போர்க் அரண்மனை முற்றத்தில் ஐந்தாம் பிரடரிக் மன்னரின் குதிரைச் சிலை நிற்கிறது. அதன் செலவை ஏற்றது, சீனத்தோடும் இந்தியாவோடும் வாணிகம் செய்த ஆசியக் கம்பெனி. இந்தியத் துணி ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளுக்கு விலையாகக் கொடுக்கப்பட்ட காலம் அது. 1845இல் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டபோது, அவ்வூர் மக்களைக் கேட்டு விற்கவில்லை. இவற்றையும் சேர்த்து அறிவதே வரலாறு. இனியதை மட்டும் பொறுக்கி எடுப்பது விளம்பரம்.

"ஓய்வுக்காகச் செல்பவரைப் பாடம் படிக்கச் சொல்வதா?" என்பது மற்றொரு மறுப்பு. ஓய்வு விரும்புபவர் நான்கு தலைநகருக்கு ஓடுவது ஏன்? ஓட்டத்தை ஓய்வு என்பதும், ஓரிடத்தில் அமர்ந்து படிப்பதைச் சுமை என்பதும் சொற்குழப்பம்.

இக்குழப்பத்தில் பள்ளிக்கும் பங்குண்டு. "நான் சென்ற சுற்றுலா" என்று மாணவனைக் கட்டுரை எழுதச் செய்கிறோம். அவன் ஐந்து இடங்களின் பெயரை எழுதினால் மதிப்பெண் தருகிறோம். பத்து இடங்களை எழுதினால் கூடுதலாகத் தருகிறோம். ஓர் ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் அமர்ந்து கண்டதை ஒருவன் எழுதினால், "கருத்து போதவில்லை" என்று சிவப்பு மையால் குறிக்கிறோம். வளர்ந்தபின் அவன் தலைநகர்களை எண்ணினால் குற்றம் யாருடையது?

ஆசிரியர்கள் அந்தத் தலைப்பை இனி மாற்றட்டும். "ஓர் ஊருக்குச் செல்லுமுன் நான் அறிய விரும்பும் மூன்று கேள்விகள்" என்று எழுதச் சொல்லட்டும். கேள்வியோடு புறப்படுபவனுக்கு ஒரு நகரம் போதும். கேள்வியின்றிப் புறப்படுபவனுக்கு உலகமே போதாது.