ஐந்து நிமிட அவசரம்

போக ஒரு தடம், வர ஒரு தடம். நம் கிராமங்களின் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் பல இப்படித்தான். முன்னே லாரி மெதுவாகப் போகிறது. பின்னால் வரும் கார்க்காரருக்குப் பொறுமை இல்லை. வலப்பக்கம் ஏறி முந்துகிறார். எதிரே பஸ்!

கணக்குப் பாருங்கள். லாரியின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர்; காரும் பஸ்ஸும் 60. லாரியைத் தாண்டக் காருக்கு 10 வினாடி ஆகும். அந்த 10 வினாடியில் காரும் பஸ்ஸும் 330 மீட்டர் நெருங்கிவிடும்! வளைவில் அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியுமா?

முந்தாவிட்டால் என்ன நஷ்டம்? 10 கிலோமீட்டர் தூரம் லாரிக்குப் பின்னாலேயே போனாலும் 5 நிமிடம்தான் தாமதம்.

ஸ்வீடன் நாட்டில் 1998-ல் ஒரு வழி கண்டார்கள். சாலையை மூன்று தடமாக்கி, எதிரெதிர் வண்டிகளுக்கு நடுவே கம்பி வேலி போட்டார்கள். இரட்டைத் தடம் இரு திசைக்கும் மாறி மாறி வரும். முந்த நினைப்பவர் தம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இத்தகைய சாலைகளில் சாவு பெருமளவு குறைந்தது.

நமக்கும் ஆபத்தான இடங்களிலாவது இந்த ஏற்பாடு வேண்டும். அதுவரை டிரைவரின் பொறுமைதான் வேலி. நடுக்கோடு விடாமல் நீண்டிருந்தால் அதைத் தாண்டக் கூடாது. மெதுவாகப் போகிறவரும் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட வேண்டும். வண்டியில் இருக்கும் மனைவி மக்கள், "அவசரம் வேண்டாம்" என்று சொல்லத் தயங்கக் கூடாது.

ஐந்து நிமிடம் தாமதித்தால் வீட்டில் சோறு ஆறிப்போகும். அவ்வளவுதானே!