எரிந்தது எது? எரித்தது எது?

சென்ற வாரம் ஒரு மாலை, என் மாணாக்கன் ஒருவன் வாடிய முகத்துடன் வீட்டு வாயிலில் வந்து நின்றான். கையில், வானொலி அலையால் இயங்கும் விளையாட்டுக் கார். தீபாவளிக்குக் கிடைத்த பணத்தையெல்லாம் சேர்த்து வாங்கியது. மோட்டருக்குச் செல்லும் மின்னைக் கூட்டிக் குறைக்கும் அதன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி முன்னரே ஒருமுறை கருகியிருந்தது. "பொருள் மட்டமானது, வேறொன்று வாங்கிப் பூட்டு" என்று சொல்லியனுப்பியவன் நானே. புதியதும் கால்மணி நேரத்திற் புகைந்துவிட்டது.

"சேர், இனி வாங்கக் காசில்லை" என்றான். பிழை என்னுடையதன்றோ?

நோயின் காரணத்தை அறிந்தே மருந்து செய்க என்பது வள்ளுவர் காட்டிய வழி. நானோ காரணத்தை நாடாமல் மருந்தை மாற்றச் சொன்னேன். அன்று இருவரும் அமர்ந்து முறையாக ஆராய்ந்தோம்.

முதலிற் பற்றரியையும் மோட்டரையும் கழற்றினோம். கருவியின் பற்றரிக் கம்பிக்கும் மோட்டர்க் கம்பிக்கும் இடையிலுள்ள தடையை மல்டிமீற்றரால் அளந்தோம். முனைகளை மாற்றி வைத்தபோதும் ஏறத்தாழ 0 ஓமே காட்டியது. உள்ளிருக்கும் திரான்சிற்றர் பழுதாகி, மின்னைத் தடுக்கும் ஆற்றலை இழந்துவிட்டது என்பது புலனாயிற்று. எரிந்தது எது என்று தெரிந்தது; எரித்தது எது?

பற்றரியின் நேர், எதிர் முனைகள் மாறிப் பூட்டப்படவில்லை. ஒவ்வொன்றும் 3.7 வோல்ற்று உடைய இரு இலிதியக் கலங்களே இருந்தன. கருவிக்கு உரிய அளவும் அதுவே. பின்னர்ச் சக்கரத்தைக் கையாற் சுழற்றினோம். அசைய மறுத்தது! அச்சில் நூலும் புல்லும் இறுகச் சுற்றியிருந்தன.

நம் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேரை எண்ணிப் பாருங்கள். சக்கரம் சிக்கிக்கொண்ட தேரை வலிந்து இழுத்தால் அறுந்து போவது வடமே. வடத்தை மட்டும் மாற்றி என்ன பயன்?

மோட்டர் சுழலும்போது எதிர் மின்னியக்க விசையொன்றை உண்டாக்கி, மின்னோட்டத்தைத் தானே மட்டுப்படுத்துகிறது. சிக்கி நின்றால் அத்தடுப்பு இல்லை. மின்னோட்டம் வெள்ளமெனப் பாய்கிறது. 1841ஆம் ஆண்டில் ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் வெளியிட்ட விதிப்படி, ஒரே தடையிற் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 10 அம்பியர் 40 ஆனால், வெப்பம் 4 மடங்கன்று, 16 மடங்கு! கருவி கருகாமல் என் செய்யும்?

அச்சைத் துப்புரவு செய்தோம். பற்சக்கரங்கள் தடையின்றிச் சுழல்கின்றனவா என்றும் பார்த்தோம். மூன்றாவது கருவியின் விலையை நானே கொடுத்தேன். ஆராயாது சொன்ன சொல்லுக்குரிய தண்டம் அது. இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தித் தொட்டுப் பார்த்தோம்; இளஞ்சூடுதான். பையனின் முகம் மலர்ந்தது.

மாணவர்களே, கருகிய பொருளைக் கண்டதும் கடைக்கு ஓடாதீர்கள். முதலிற் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள்.